போளியும் பாயசமும்

தக்கலையில் கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் ஒரு பிள்ளை, போளியைப் பாயசத்தில் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

"மெலிஞ்சு அழகாயிட்டியே மக்களே!" எதிரே ஒரு மாமி.

என் கண் அவள் முன்கையில். பச்சைக்குழந்தைக்குப்போல் பூனைமுடி.

அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பதறியது.

எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கும் அனோரெக்சியா அடம் இல்லை, மனநோய். பட்டினி முற்றினால் இப்படி முடி முளைக்கும். மாதவிடாய் நிற்கும், எலும்பு வலுவிழக்கும், நாடித்துடிப்பு குறையும். தின்றதை வாந்தியெடுத்துக்கொண்டே இருந்தால் பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பே தாறுமாறாகும். சாதாரண எடையில் இருப்பவர்களுக்கும்தான்.

"மெலிஞ்சிட்டே" என்று தயவுசெய்து பாராட்டாதீங்க.

வீட்டில் சந்தேகம் இருந்தால் திட்டாமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.