மாஸ்டடானில் எழுதியது தேடினால் கிடைக்க வேண்டும்

பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் சமூக ஊடகமான மாஸ்டடானுக்குப் புதிதாக வருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த பொருளைத் தேடிப் பார்த்துவிட்டு, இங்கே யாரும் எழுதுவதில்லை என்று போய்விடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எழுத்து நம் சர்வருக்கு வந்து சேர்வதில்லை.

ஒரு சர்வர் தன்னிடம் வந்த பதிவுகளில்தான் தேடும். அங்கிருப்பவர் யாராவது பின்தொடர்ந்தாலோ, பின்தொடரப்படுபவர் பகிர்ந்தாலோதான் பிற சர்வர்ப் பதிவுகள் பெரும்பாலும் உள்ளே வரும். என் கணக்கு இருப்பதோ சிறிய சர்வரில். பதிவின் முகவரி தெரிந்தால் தேடல் பெட்டியில் ஒட்டி வரவழைக்கலாம். முகவரி தெரிந்தவருக்குத் தேடல் எதற்கு?

2023 செப்டம்பரில் 4.2 பதிப்பு வரும்வரை, முன்பின் தெரியாதவர்களின் பதிவுகளை ஹேஷ்டேக் வழியாகத்தான் தேட முடிந்தது. அது அலட்சியத்தால் அல்ல. ஒரு சொல்லைத் தேடி, அதை எழுதியவர்களைக் கூட்டமாகச் சூழ்ந்து வசைபாடும் வழக்கத்துக்கு அஞ்சி வேண்டுமென்றே வைத்த தடை. அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் இப்போதும் எழுதியவர் சம்மதித்தால் மட்டுமே பொதுப் பதிவுகள் எல்லோருடைய தேடலுக்கும் கிடைக்கின்றன. இதை மாற்றவே கூடாது.

ஆனால் பழைய கணக்குகளில் அந்தச் சம்மதம் தானாக வராது. பொதுவில் படிக்கப்பட வேண்டும் என்று எழுதுகிறவர்கள் அமைப்புகளில் பொது சுயவிவரத்துக்குள் போய், பொதுப் பதிவுகளைத் தேடல் முடிவுகளில் சேர்க்கும் தேர்வை இன்றே இயக்குங்கள். முன்பு எழுதிய பொதுப் பதிவுகளும் தேடலுக்குள் வரும். சர்வரை நடத்துகிறவர்களும் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளை நிறுவியிருக்க வேண்டும். அதற்கு நினைவகம் நிறையத் தேவை என்பதால் சிறிய சர்வர்கள் பல தயங்குகின்றன. பல சர்வர்கள் சேர்ந்து பயன்படுத்தும் பொதுத் தேடல் சேவைதான் சரியான வழி என்று நினைக்கிறேன். ஃபெடிஸ்கவரி என்ற பெயரில் மாஸ்டடான் குழுவே சம்மதத்தை மதிக்கும் அத்தகைய சேவைக்கான வரையறையை எழுதத் தொடங்கியதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

தமிழுக்கு இன்னொரு தடையும் உண்டு. மாஸ்டடானின் தேடல் ஆங்கிலச் சொற்களின் விகுதியை நீக்கிப் பொருத்தும். தமிழுக்கு அப்படிச் செய்வதில்லை. 'நூலகம்' என்று தேடுகிறவருக்கு 'நூலகத்தில்' என்று எழுதிய பதிவு அகப்படாது. அதனால் பதிவின் கடைசியில் வேற்றுமை உருபு சேராத பெயர்ச்சொல்லை ஹேஷ்டேகாகச் சேர்த்துவிடுகிறேன். நீங்களும் சேர்த்தால் உங்கள் பதிவுகளை என்னால் கண்டுபிடிக்க முடியும்.