பாலைப் பொறுத்தவரை

"நான் இவனைப் பட்டினி போட்டுவிட்டேனா, மேடம்?" என்று அந்தத் தாய் கேட்டார். "இல்லை அம்மா, நீங்கள் செய்தது சரிதான்" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

மூன்று வயதில் 10.2 கிலோ. ஒரு வாய் தயிர்ச்சோற்றில் உதடு வீங்கி, மூச்சுத் திணறி, அவசரப் பிரிவுக்கு வந்தவன். பிறகு ஒவ்வாமைக்காக எங்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, உளுந்து என்று பதினொன்றுக்கு 'பாசிட்டிவ்'. பதினொன்றையும் நிறுத்திவிட்டார்கள். அதுவரை தினமும் இட்லி தின்று நன்றாக இருந்த பிள்ளை.

பாசிட்டிவ் என்பதாலேயே அந்த உணவு ஒவ்வாது என்று ஆகிவிடாது. அதைச் சொல்லத்தான் உணவியலாளரான நான் அந்த அறையில் இருந்தேன். டாக்டரும் தோல் மருத்துவரும் பேசி முடித்திருந்தார்கள். கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போட வேண்டிய அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்பக்கம் போடுவதற்குச் சிஸ்டர் பழக்கிக்கொண்டிருந்தார். பேனா போன்ற தானியங்கி ஊசி இங்கே எளிதில் கிடைப்பதில்லை. ஆம்பூல் என்ற சிறு கண்ணாடிக் குப்பியை உடைத்து, சிரிஞ்சில் 0.1 மி.லி. அளந்து எடுக்க வேண்டும். அந்தத் தாயின் கை நடுங்கியது. அந்தக் கையோடுதான் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

பாலைப் பொறுத்தவரை நான் சொன்னது உண்மை. அந்த இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் போதும். அன்று சொன்னால் அவர் உடைந்துபோவார் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த முறை, உளுந்தை மருத்துவமனையிலேயே வைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்தத் தாய் மறுத்துவிட்டார். "மேடமே சரி என்றார்களே." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் புரட்டினேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

தின்று பழகிய உணவை நெடுநாள் நிறுத்தினால், மறுபடி தொடங்கும்போது சில குழந்தைகளுக்கு அதுவே கடுமையாக ஒவ்வாமல் போகிறது. ஆகவே, என் சொல்லை நம்பி அவர் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் என் கணக்கிலும் சேருகிறது. பதினொன்றையும் எழுதிக் கொடுத்த அந்தத் தாளின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்தத் தாயிடம் பேசியது அந்தத் தாள் இல்லை.

வியாழக்கிழமை வருகிறார்கள். சிஸ்டரையும் உடன் இருக்கச் சொல்லியிருக்கிறேன்.