அப்பாவுக்கு ஒரு 304 தேடின கதை

எங்கட வீடு மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில, வயல் வாவிக்கு அங்கால படுவான்கரையில. அப்பா குருமண்வெளித் துறையில பாதை, அதான் ஆக்கள ஏத்தி வாவியக் கடக்கிற மிதவை, ஏறி மண்டூர்ப் பக்கம் போவார், வேளாண்மைக் காலத்தில எண்டா ராவுக்கு வயல் குடிசை வாடியிலேயே காவல், பக்கத்து வயல்காரர் மூணு பேரும் அங்க வந்திடுவாங்க, சாக்கு விரிச்சு லாம்பு வெளிச்சத்தில விடிய விடிய 304 எண்ட கடதாசி (சீட்டு) விளையாட்டு. செத்த வீடெண்டாலும் அப்பாவத் தேடி முதல்ல ஆள் வாறது கடதாசிக் கூட்டுக்குத்தான்.

அப்பிடிப்பட்ட மனுசன் போன வருசம் சைக்கிளோட விழுந்து கால் முறிச்சு மூணு மாசம் கட்டில்ல. அவர் சுவரப் பாத்துக்கொண்டு படுத்திரிக்கிறத என்னால பாத்துக்கொண்டு இரிக்க ஏலாமப் போச்சு, சரி கொம்பியூட்டர்ல ஒரு 304 தேடிக் குடுப்பம் எண்டு துவங்கினன்.

முதல்ல பழைய லப்டொப்ப எடுத்து சொலிட்டயர் போட்டுக் குடுத்தன். 1990ல விண்டோஸ் 3.0வோட வந்த விளையாட்டு அது, எழுதினது வெஸ் செரி எண்டு மைக்ரோசொப்டில அப்ப பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பொடியன், அட்டைப் படம் வரைஞ்சது சூசன் கெயர், நம்மட கனபேர் மவுஸ் பிடிக்கப் பழகினதே அதிலதான். அப்பா ரெண்டு ஆட்டம் விளையாடினார், மறுகா லப்டொப்ப மூடிப்போட்டு "இது தனிய இரிக்கிற ஆக்கள்ற விளையாட்டு மனே" எண்டார். ஹார்ட்ஸ்ல நாலு பேர் இரிக்காங்க, ஆனா கூட்டாளியும் இல்ல, மத்த இனங்கள வெட்டுற துரும்பு இனமும் இல்ல, அதையும் ஒதுக்கிட்டார்.

304 தெரியாத ஆக்களுக்கு ஒருக்காச் சொல்லிடுறன். கட்டில 2 தொடக்கம் 6 வரைக்கும் கழிச்சா மிச்சம் 32 அட்டை. ஜேக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயீன் 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒண்டும் இல்ல, ஒரு இனத்துக்கு 76, நாலுக்கும் சேத்து 304, பேர் வந்தது அதாலதான். எதிரெதிர் இரிக்கிற ரெண்டு பேர் ஒரு கூட்டு. முதல் நாலு அட்டையப் பாத்துத்தான் எத்தினை புள்ளி எடுப்பம் எண்டு கேக்கணும், எங்கட வீட்டுச் சட்டத்தில 160ல துவக்கம். கேட்டவர் தன்ட துரும்ப ஒருத்தருக்கும் காட்டாமக் குப்புற வைப்பார், இறக்கின இனம் கையில இல்லாத ஆள் தன்ட அட்டையையும் குப்புறத்தான் போடுவார், கேட்டவர் எடுத்துப் பாத்து அதுக்குள்ள துரும்பு இரிந்தா மட்டும்தான் திறப்பார், இல்லாட்டி மூடினபடியே ஆட்டம் போகும். விளையாட்டின்ட உசிரே அந்த மூடின அட்டையிலதான் இரிக்கு.

நெட்டில தேடத் தேட சொந்தக்கார விளையாட்டுகள்தான் வந்திச்சு. கேரளத்தில 28, வங்காளப் பக்கம் 29, அங்கயும் ஜேக்கும் ஒன்பதும்தான் பெரிசு. ஒல்லாந்தர்ற கிளாவர்யாஸ் எண்டு ஒண்டு, அதிலயும் 32 அட்டை, கூட்டு விளையாட்டு, துரும்பு ஜேக்குக்கு 20 ஒன்பதுக்கு 14. அந்தப் பேரில இரிக்கிற கிளாவர்தான் நம்மட கிளாவர் (கிளப்ஸ் இனம்), ஸ்கோப்பன் எண்டு அவங்க சொல்றதத்தான் நாம இஸ்கோப்பன் (ஸ்பேட்ஸ்) எண்டுறம். 1638ல மட்டக்களப்புக் கோட்டையப் பிடிச்ச ஆக்கள்ற சொல்லு எங்கட வாடிச் சாக்கில இண்டைக்கும் விழுகுது எண்டு அப்பாவுக்குச் சொன்னன், கட்டில்ல எழும்பி இரிந்து கேட்டார். அதுக்குப் பிறகுதான் அவருக்கும் தேடுறதில ஒரு பிடிப்பு வந்திச்சு.

போனுக்கு 304 எண்டு பேர் போட்டே சிலது இரிக்கு, ஒவ்வொண்டா இறக்கிப் பாத்தம். ஒண்டில துரும்ப எடுத்த எடுப்பிலேயே எல்லாருக்கும் காட்டிடுது. இன்னொண்டில அட்டை இடப்பக்கமாச் சுத்துது, நாங்க வலப்பக்கமாத்தான் போடுறது, அப்பாக்குக் கை வரவேயில்ல. மூணாவதில எல்லாம் சரி, ஆனா கொம்பியூட்டர்க் கூட்டாளி இவர் எடுத்த பிடியிலேயே தன்ட ஜேக்க வெட்டிக் கொண்டு போகுது. அப்பா நிசமாவே கோவப்பட்டார், எனக்கும் நியாயமாத்தான் பட்டிச்சு, நாலு கை பாத்தாலே கூட்டாளிட மனசு விளங்கணும்.

கடைசியா நம்பர் குடுத்து நாலு பேர் சேரக்கூடிய ஒண்டு அம்பிட்டிச்சு. டொரொன்டோவில இரிக்கிற மாமாவுக்கு அனுப்பினன், இஞ்ச பின்னேரம் ஏழு மணியெண்டா அங்க கோடையில காலம்பற ஒம்பதரை, அவருக்கு தேத்தண்ணி நேரம். பக்கத்து வீட்டுச் சின்னையா தன்ட போனோட எங்கட விறாந்தைக்கு வந்தார், நான் அவர்ற கூட்டு, அப்பாவும் மாமாவும் எதிர்க்கூட்டு. கதைக்கிறதுக்கு வட்ஸ்அப் கோல பக்கத்தில போட்டு வச்சம், ஏனெண்டா சத்தம் இல்லாத 304 எங்களுக்குப் பழக்கமில்ல.

மூணாவது ஆட்டத்தில அப்பா 200 கேட்டார். துரும்பு மூடி இரிக்கு. நான் டைமன் ஜேக் இறக்கினன், 30 வந்திட்டுது எண்டுதான் நினைச்சன். மாமாட்ட டைமன் இல்ல, குப்புற ஒண்டு போட்டார், அப்பா பாத்திட்டுத் திறந்தார், கிளாவர் பத்து. துரும்பு கிளாவர். என்ட ஜேக்கோட சேத்து 40 அங்கால போச்சு. எப்பிடி மாமா தெரியும் எண்டு கேட்டன். "இஸ்கோப்பன் ஜேக்கும் ஆடுத்தன் (ஹார்ட்ஸ் இனம்) ஜேக்கும் என்ட கையில இரிக்கு, டைமன் ஜேக்க நீ இறக்கிட்டாய், அத்தான் ஜேக் இல்லாம 200 கேக்கிற ஆளில்ல, மறுகா என்ன மிச்சம் மருமகன்?" எண்டார். பதினெட்டு வருசமா ரெண்டு பேரும் ஒரு சாக்கில இரிக்கல்ல. அப்பா ஒண்டும் பேசல்ல, கட்டுப் போட்ட கால மெல்ல ஆட்டிக்கொண்டு அடுத்த அட்டையத் தேடினார்.

இப்ப கால் சரி, திரும்பவும் பாதை ஏறுறார். வாடியில சிக்னல் இல்ல, அதால நெட் இல்லாம நாலு போன் பக்கத்தில பக்கத்தில சேர்ற மாதிரி, மூடின துரும்போட, வலப்பக்கமாச் சுத்துற ஒண்டு தேடிக்கொண்டு இரிக்கன். அங்க கடதாசிக் கட்டு இரிக்குத்தான், ஆனா லாம்பு வெளிச்சத்தில சின்னையாவுக்கு இப்ப இஸ்கோப்பனும் கிளாவரும் ஒரே மாதிரித் தெரியுதாம்.