ஓஸ்லோவில் கொம்பு முளைத்த தொப்பிகள்

நார்வேயின் தலைநகரான ஓஸ்லோவின் கார்ல் யோகான் வீதியில் நினைவுப்பொருள் கடைகளை ஏறி இறங்கியதில் எனக்கு மிஞ்சியது எரிச்சல்தான். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், பழங்கால வடஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் தொப்பி என்ற பெயரில் இருபுறமும் பஞ்சடைத்த கொம்புகள் துருத்திக்கொண்டிருக்கும் ஒன்றோ, அவர்கள் வணங்கிய ஓடின் கடவுளின் காகங்களையும் இடிக் கடவுள் தோரின் சம்மட்டியையும் எந்திரத் தையலில் பதித்த கறுப்பு பேஸ்பால் தொப்பியோதான் கண்ணில் படுகிறது. ஒரு கடையில் அந்தக் காகத் தொப்பிக்கு 399 குரோன் சொன்னார்கள். குரோனுக்கு எட்டு ரூபாய் என்று கணக்கிட்டாலும் மூவாயிரத்து இருநூறு ரூபாய். உட்பட்டையைப் புரட்டினால் சீனத் தயாரிப்பு என்ற சீட்டு. சிறகில் நூல் பிரிந்திருப்பதைக் காட்டியபோது, அது ரெட்ரோ, அதாவது பழமைத் தோற்றப் பாணி என்று விற்பனையாளர் முகம் மாறாமல் விளக்கினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கொம்புகளைப் பொய்யாக்கும் சான்று அதே வீதியிலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. வரலாற்று அருங்காட்சியகத்தில், 1943இல் யெர்முன்பூ என்ற பண்ணையில் கண்டெடுக்கப்பட்ட பத்தாம் நூற்றாண்டு இரும்புத் தலைக்கவசத்தை வைத்திருக்கிறார்கள். கண்களைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போன்ற வளையம், உச்சியில் சிறிய முனை, அவ்வளவுதான். டென்மார்க்கின் வெக்சோவில் கொம்புக் கவசங்கள் கிடைத்தது உண்மை; ஆனால் அவை வெண்கலக் காலத்தவை, வைக்கிங்குகளுக்கு ஏறத்தாழ 1700 ஆண்டுகள் முற்பட்டவை. வைக்கிங் தலையில் கொம்பை நிலைநிறுத்தியதில் பெரும்பங்கு, 1876இல் ஜெர்மனியின் பைராய்த் நகரில் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகங்களுக்கு உடை வரைந்த கார்ல் எமில் டோப்லருக்கு உண்டு. தொப்பிகளில் அதிகம் விற்கும் வெக்விசிர் என்ற எட்டுக்கிளைத் திசைகாட்டிச் சின்னத்தின் கதையும் இதுதான்: அது காணப்படும் ஐஸ்லாந்துக் கையெழுத்துப்படி 1860ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

வைக்கிங்குகளின் புராணத்தில் உண்மையிலேயே ஒரு தொப்பி உண்டு. ஒற்றைக் கண்ணை மறைக்க அகன்ற விளிம்புத் தொப்பியைத் தாழ்த்தி அணிந்து, வழிப்போக்கன் வேடத்தில் வீடு வீடாகச் செல்பவர் ஓடின். அந்தத் தொப்பியை விற்க ஒரு கடைக்காரருக்கும் தோன்றவில்லை.

காசு செலவில்லாமல் இந்தக் கதைகளைப் பார்க்க வேண்டுமானால் நேராக நகர மன்றத்துக்குச் செல்லுங்கள். 1950இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் முற்றத்தில், தாக்ஃபின் வேரென்ஷோல் செதுக்கி வண்ணம் தீட்டிய 16 மரப் புடைப்புச் சிற்பங்கள் சுவரோடு வரிசையாக நிற்கின்றன. நார்ஸ் எனப்படும் அந்தப் பழைய வடஐரோப்பியப் புராணக் காட்சிகளை மங்கிய சிவப்பும் நீலமுமாக, தடித்த கோடுகளில் அவர் அமைத்திருக்கும் அழகைப் பார்த்தபின், ரெட்ரோ என்றால் இதுவல்லவா என்று தோன்றியது. இவற்றுள் ஒன்றையாவது கம்பளித் தொப்பியில் பின்னி விற்றால் முதல் ஆளாக நின்று வாங்குவேன். மதிய உணவைத் துறந்தாவது வாங்குவேன். சாலையோரத்தில் ஒரு சாசேஜ் ரொட்டியே நம் ஊரில் குடும்பமாகச் சாப்பிடும் விலைக்கு விற்பதால், துறப்பதும் அங்கே எளிது.

என் தீர்ப்பு இதுதான்: நார்வேயில் தொப்பி வாங்குவதென்றால் கடவுளரை விட்டுவிட்டுப் பின்னல் வேலையைப் பாருங்கள். டிரொண்ட்ஹெய்முக்கு அருகிலுள்ள செல்பூவில் 1857இல் மாரித் எம்ஸ்தாட் என்ற இளம்பெண் கையுறையில் கறுப்பு வெள்ளையாகப் பின்னிய எட்டிதழ்ப் பூதான், இன்று தொப்பி, ஸ்வெட்டர் என்று நாடு முழுவதும் பூத்திருக்கிறது. 1953இல் உன் சோய்லாந்து டாலே வடிவமைத்த நீலம், சிவப்பு, வெள்ளை கலந்த மாரியுஸ் கோலமும் அதற்குச் சளைத்ததல்ல. சிவப்புக் கம்பளிக் குல்லாய்க்கோ வீர வரலாறே இருக்கிறது: ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது அது எதிர்ப்பின் அடையாளமாகிவிட்டதால், 1942 பிப்ரவரியில் அதை அணியவே தடை விதித்தார்கள்.

புதிய கம்பளித் தொப்பியும் மலிவல்ல. ஆகவே ஞாயிற்றுக்கிழமை குருனெர்லோக்கா பகுதியின் பிர்க்கெலுண்டன் பூங்காவில் கூடும் பழைய பொருள் சந்தைக்குச் செல்லுங்கள். அங்கே ஒரு மூதாட்டியிடம், எட்டிதழ்ப் பூ போட்ட, சற்றே சாயம் வெளுத்த கைப்பின்னல் தொப்பியை 120 குரோனுக்கு வாங்கினேன். விற்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க் கைபேசிச் செயலியில்தான் பணம் கேட்கிறார்கள். நம்மிடம் அது இருக்காது என்பதால் சில்லறை நோட்டுகளை முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.