சிஜிநாட் இணைப்பில் ஜெல்லிஃபின்னை வெளியூரிலிருந்து பார்க்க

வீட்டிலுள்ள படங்களை ஓடவிடும் ஜெல்லிஃபின் சர்வரை வெளியிலிருந்து எட்ட வேண்டுமென்றால் பலரும் நேராக ரவுட்டரில் அதன் 8096 போர்ட்டைத் (இணைப்பு வாசலை) திறக்கப் போகிறார்கள். அதற்கு முன் ரவுட்டரின் வான் (WAN, இணையப் பக்க) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். அதாவது, இணைய நிறுவனத்தின் ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பங்குபோடுகின்றன. போர்ட் ஃபார்வர்டிங் (ரவுட்டரில் போர்ட் திறப்பது), டைனமிக் டிஎன்எஸ் (மாறும் ஐபிக்கு மாறாத பெயர்) எதுவும் அங்கே எடுபடாது. பொது ஐபி இருந்தாலும் 8096-ஐ அப்படியே திறக்காதீர்கள். அது வெறும் எச்டிடிபி, பாஸ்வேர்டு மறைக்கப்படாமலே போகும்.

சுலபமான வழி டெயில்ஸ்கேல், உங்கள் சாதனங்களைத் தமக்குள் இணைக்கும் தனி வலை (விபிஎன்). சர்வரிலும் போனிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழையுங்கள். சர்வருக்கு 100-இல் தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும் (சிஜிநாட் வரிசையேதான், குழம்ப வேண்டாம்). அதோடு 8096 சேர்த்து ஜெல்லிஃபின் செயலியில் கொடுங்கள். சோதிக்கும்போது வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

இணைப்பு மறுக்கப்பட்டால், பெரும்பாலும் காரணம் ஜெல்லிஃபின்னேதான். இந்த 100 முகவரிகளை அது வீட்டு வலையாக எடுத்துக்கொள்வதில்லை. டாஷ்போர்டின் நெட்வொர்க் பக்கத்திலும் அந்தப் பயனரின் கணக்கிலும் ரிமோட் அனுமதி இரண்டும் டிக் ஆகியிருக்க வேண்டும்.

இன்னொன்று, எல்லோரும் மறப்பது: டெயில்ஸ்கேல் சாவி (சாதனத்தின் நுழைவு அனுமதி) வழக்கமாக 180 நாளில் காலாவதியாகும். நீங்கள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் சர்வர் காணாமல் போகும். டெயில்ஸ்கேல் நிர்வாகப் பக்கத்தில் சர்வருக்கு மட்டும் 'கீ எக்ஸ்பைரி'யை நிறுத்திவிடுங்கள்.

படம் திக்கித் திக்கி ஓடினால் முதலில் டெயில்ஸ்கேல் ஸ்டேட்டஸைப் பாருங்கள். 'டைரக்ட்' என்றிருந்தால் நல்லது. 'ரிலே' என்றால் டேட்டா இடையிலுள்ள சர்வர் வழியாகச் சுற்றி வருகிறது, வேகம் கிடைக்காது. டைரக்டாக இருந்தும் திக்கினால் அப்லோடு வேகத்தை அளந்து பாருங்கள். ப்ளூரே ரீமக்ஸ் (தரம் குறைக்காத நகல்) 30 எம்பிபிஎஸ் கூடக் கேட்கும். ஜெல்லிஃபின் டாஷ்போர்டின் பிளேபேக் பகுதியில் இணைய பிட்ரேட் வரம்பை 8 எம்பிபிஎஸ் வைத்தால் 1080பி தாராளமாக ஓடும். ஆனால் அப்போது டிரான்ஸ்கோடிங் (ஓடும்போதே வீடியோவைச் சிறிதாக மாற்றுவது) தேவைப்படும். இன்டெல் சிப்பில் குவிக்சிங்க்கை (சிப்பிலேயே உள்ள வீடியோ மாற்றும் வசதியை) இயக்குங்கள். டாக்கரில் (செயலியைத் தனிப் பெட்டிபோல, அதாவது கன்டெய்னரில் ஓட்டும் மென்பொருள்) ஓட்டுபவர்கள் டிஆர்ஐ சாதனத்தை (/dev/dri, கிராபிக்ஸ் பகுதிக்கான வழி) கன்டெய்னருக்குள் கொடுக்காவிட்டால் மொத்தச் சுமையும் சிபியு தலையில் விழும். ப்ளூரேயில் வரும் பிஜிஎஸ் சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் படமாகவே இருப்பதால், பல செயலிகளில் அதைப் போட்டதும் வீடியோ முழுதும் டிரான்ஸ்கோடாகிவிடும். எழுத்து வடிவிலான எஸ்ஆர்டி கிடைத்தால் அதையே வையுங்கள்.