சுண்ணாம்பு இல்லாத சுண்ணாம்புக் குன்று

இன்று காலை சேலத்தை அடுத்த வெள்ளக்கல்பட்டிப் பக்கம், ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரைந்த பழைய நில அளவைத் துறை வரைபடத்தின் நகலைக் கையில் விரித்துக்கொண்டு நின்றேன்.

பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகள், ஒன்றுக்குள் ஒன்றாக, ஒரு சிறு குன்றை வளைத்துக் காட்டின. நிமிர்ந்து பார்த்தால், அதே இடத்தில் பச்சை நீர் தேங்கிய பள்ளம். இரண்டு கொக்குகள் அதன் ஓரத்தில் நின்றன.

வெண்மையான பாறை நரம்புகளைக் கண்டு ஆங்கிலேயர் இதற்குச் 'சாக் ஹில்ஸ்' என்று பெயரிட்டனர். ஆனால் இங்கிருப்பது சாக் எனப்படும் சுண்ணாம்புக்கல், அதாவது கால்சியம் கார்பனேட் அன்று. எஃகு உலைகளின் உட்சுவருக்கான தீச்செங்கல் செய்யப் பயன்படும் மாக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். அதை வெட்டியெடுத்துத்தான் குன்று பள்ளமாயிற்று. வெள்ளைக்கல் என்ற நம் ஊர்ப்பெயர் நிறத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டதால் பிழைபடவில்லை. (பக்கத்து ரயில் நிலையத்துக்கே மாக்னசைட் என்றுதான் பெயர்.)

தென்மேற்கே, இரும்புத்தாது உள்ள கஞ்சமலையைத் தேடினேன். 1830களில் கடலோரப் பரங்கிப்பேட்டையில் ஹீத் என்ற ஆங்கிலேயர் நடத்திய இரும்பு ஆலைக்குச் சேலத்து இரும்புத்தாதுதான் போயிற்று. எனினும் அம்மலையின் கோடுகள் பெரும்பாலும் வரைபடத்தில் உள்ளபடியே நிற்கின்றன.

திரும்பும்போது செருப்பெல்லாம் வெள்ளைத் தூசி.