மாரிக்கு முந்தின வளவு வேலை

செப்டெம்பர் 28

யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்று ஓய்ந்துவிட்டது. வெயில் மட்டும் விட்டபாடில்லை. முருங்கை வெட்ட ஆள் வந்தார். நெஞ்சளவில் தறிக்கச் சொன்னதும் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. மேல் கொப்பில் பூ இருக்கிறதாம். இருக்கட்டும். அந்தப் பூ எப்படியும் மழைக்குக் கொட்டிவிடும். உயர்ந்த முருங்கை காற்றுக்கு முறிந்தால் மதிலும் சேர்ந்து போகும். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது எங்கள் ஒழுங்கையில் முருங்கை ஒன்றும் மிஞ்சவில்லை.

மணிக்கட்டுப் பருமனான தடிகளை ஒதுக்கி மாமர நிழலில் சாத்தியிருக்கிறோம். மண் நனைந்த பிறகு நடலாம்.

ஒக்டோபர் 7

ரொறன்ரோவிலிருந்து அக்கா வட்ஸ்அப்பில் பேசினார். அங்கே இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்குகிறதாம். கறிவேப்பிலைச் சாடியை வீட்டுக்குள் ஏற்றிவிட்டார்கள். இனிப் பனிக்காலம் முடியும்வரை அது யன்னலோரத்தில்தான். இலை கொட்டும், தண்ணியும் குறைத்துத்தான் விட வேணும். முதல் உறைபனி டேலியா இலையைக் கருக்கியதும் கிழங்கைக் கிண்டி எடுத்து நிலவறையில் வைப்பாராம். ரோசாவின் அடியில் ஒரு அடி உயரத்துக்கு மண் குவிக்கிற வேலையும் கிடக்கிறது.

"உங்களுக்கென்ன, 22 பாகைக்கே ஸ்வெற்றர் தேடுற ஆக்கள். மரத்தை அப்பிடியே விட்டிட்டு இருக்கலாம்" என்றார்.

நல்ல கதை! வந்து வாய்க்கால் வெட்டிப் பார்க்கட்டும்.

ஒக்டோபர் 12

இன்று முழுக்க அந்த வாய்க்கால்தான். எங்கள் ஊர், கோண்டாவிலின் செம்மண் தண்ணியை இலேசில் தேங்க விடாது. கீழே சுண்ணாம்புக்கல், இறங்கிப் போய்விடும். ஆனால் ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்ட பிறகு ரோட்டு உயர்ந்து வளவு பள்ளமாகிவிட்டது. ஊர்த் தண்ணி எல்லாம் எங்கள் படலையால் உள்ளே வருகிறது. ரோட்டுப் போட்டவர்கள் வடிகாலைப் பற்றி நினைக்கவே இல்லை. படலையடியிலிருந்து பின்வளவுக் கிடங்குவரை வெட்டி முடித்தோம்.

வெட்டின மண்ணைப் பப்பாசி அடிகளுக்கு அணைத்தாயிற்று. பப்பாசிக்குத்தான் எனக்கு எப்போதும் பயம். ஒன்றிரண்டு நாள் தண்ணி தேங்கினாலே போதும். கீழ் இலை மஞ்சளாகித் தொங்கும். தண்டின் அடியை விரலால் அமத்தினால் தோல் கழன்று உள்ளே பொதபொதவென்று போகும், அழுகல் மணமும் வரும். அதற்குப் பிறகு வைத்தியம் இல்லை. குலை தள்ளின வாழைக்குக் கவர்த்தடி முட்டுக் கொடுத்தோம்.

ஒக்டோபர் 21

பக்கத்து வீட்டு அண்ணை யூரியாப் பையோடு வந்து, "மழைக்கு முன்னம் ஒரு பிடி போட்டுவிடு பிள்ளை" என்றார். நல்ல மனிசன், சரி என்று வாங்கி வைத்துக்கொண்டேன். போட மாட்டேன். பெருமழை பெய்தால் அது வேருக்கு நிற்காது, மண்ணால் இறங்கிக் கிணற்றுக்குத்தான் போகும். யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிப்போனதற்குத் தோட்டங்களுக்கு அள்ளிப் போடும் உரமும் ஒரு காரணம். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாங்கள் குடிப்பதும் அதே கிணறு. பூவரசங்குழையை வெட்டிக் கத்தரிப் பாத்திக்குத் தாட்டேன். அது ஆறுதலாக உக்கட்டும்.

நவம்பர் 3

இரவிரவாக மழை. வாய்க்கால் ஓடுகிறது, பப்பாசிப் பக்கம் தேங்கவில்லை. முருங்கைத் தடிகளை நட்டோம். அடீனியம் சாடிகள் விறாந்தைக்கு வந்துவிட்டன. ரோசாச் சாடிகளுக்குக் கீழே செங்கல் வைத்தேன், அடித்துவாரம் அடைபடாமல் இருக்க. வேலியில் கார்த்திகைப்பூக் கொடி கிளுவையைப் பிடித்து ஏறி மொட்டும் விட்டுவிட்டது. அதற்கு ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை.

நவம்பர் 17

அண்ணை வெட்டாமல் விட்ட முருங்கையில் மயிர்க்கொட்டிப் புழு. பகலில் அடிமரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கின்றன. மரப்பட்டை அசைகிற மாதிரி இருக்கிறது. இரவில் ஏறி இலையை மொட்டையாக்கும். மதிலால் எங்கள் பக்கமும் நாலைந்து இறங்கிவிட்டன. பின்னேரம் மழை விட்ட நேரம் பார்த்து அண்ணை தென்னோலைச் சூள் கொளுத்திக் கொண்டு வந்தார். அம்மா மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, "கொடியில உடுப்புக் காயுது, எடுங்கோ முதல்ல, மயிர் பட்டால் இரவு முழுக்கச் சொறியத்தான் வேணும்" என்று கத்திக்கொண்டிருந்தார்.